‘அப்படியே இதையும் பண்ணிடு!’ – வீட்டு வேலைக்கு ஆள் ஏன் நிற்பதில்லை?

தீபாவளி முடிந்து இரண்டு வாரம் ஆனால் சென்னை அடுக்ககங்களில் ஒரு புலம்பல் சீசன் ஆரம்பிக்கும். லிஃப்டில், கோயில் வாசலில், வாக்கிங் போகும் பார்க்கில் எங்கும் அதே பேச்சு. “போனஸ் வாங்கினா, புடவை வாங்கினா, நின்னுட்டா.” கேட்பவரும் பெருமூச்சோடு தலையாட்டுவார். போன வருடம் அவர் வீட்டிலும் இதேதான் நடந்தது.

நின்றவரைக் கேட்டால் காரணம் தயாராக இருக்கும். ஊருக்குப் போறேன். முட்டி வலி. வீட்டுக்காரர் வேலைக்குப் போக வேணாங்கறார். மாமியாருக்கு உடம்பு முடியலை. யாரையும் நோகடிக்காத காரணங்கள். அடுத்த மாதம் பார்த்தால் அதே தெருவில், மூன்று வீடு தள்ளி, அதே முட்டியோடு மாடிப்படி ஏறிக்கொண்டிருப்பார்.

போனஸ் கைக்கு வரட்டும் என்று காத்திருந்துதான் நின்றார் என்பது உண்மையாகவே இருக்கலாம். அதில் நன்றி கெட்டதனம் ஒன்றும் இல்லை. ஐ.டி. கம்பெனியில் இருக்கும் நம் வீட்டுப் பிள்ளைகளும் வருட போனஸ் அக்கவுன்ட்டில் ஏறிய பிறகுதான் பேப்பர் போடுகிறார்கள். போனஸ் அவர் எந்த மாதத்தில் நின்றார் என்பதைத்தான் சொல்லும். நிற்பது என்று எப்போது முடிவெடுத்தார் என்பதைச் சொல்லாது. அந்த முடிவு ஆடியிலோ சித்திரையிலோ எடுத்ததாக இருக்கும். அன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்டால் வீட்டுக்காரம்மாவுக்கு நினைவே இருக்காது. சண்டை இல்லை, சத்தம் இல்லை. ஒரு வேலை கூடியது, அவ்வளவுதான்.

அலுவலகத்தில் வேலை கூடினால் மேனேஜரிடம் முறையிடலாம், ஹெச்.ஆருக்கு மெயில் போடலாம். நான்கு வீட்டில் பாத்திரம் தேய்ப்பவருக்கு அப்படி முறையிட இடம் ஏது? வாயைத் திறந்தால் “வர வர ரொம்பப் பேசறே” என்று பெயர் வரும். அதனால் பேசுவதில்லை, நின்றுவிடுகிறார். நல்ல ஆள் நிலைக்க வேண்டும் என்று நினைக்கும் வீடுகள் சம்பளத்தைப் பற்றி யோசிக்கும் அளவுக்கு, முதல் நாள் பேசாமல் விட்டதைப் பற்றி யோசிப்பதில்லை.

ஒன்றரை மணி, இரண்டேகால் ஆன கதை

அடையாறிலோ நங்கநல்லூரிலோ இரண்டு படுக்கையறை உள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். பாத்திரம் தேய்க்க வேண்டும், வீட்டைப் பெருக்கித் துடைக்க வேண்டும் என்று பேசி, மாதம் 3,000 ரூபாய் முடிவாகிறது. தினமும் ஒன்றரை மணி நேர வேலை. முதல் மாதம் இரு தரப்புக்கும் தேன்நிலவு. வீட்டுக்காரம்மா கையில் காபியோடு வருவார். வேலைக்கு வந்தவரும் சொல்லாமலே சிங்க்கைத் தேய்த்து வைப்பார்.

இரண்டாம் மாதம், “மெஷின்லதான் போட்டிருக்கேன், அப்படியே எடுத்து மாடியில காயப்போட்டுடு.” அடுத்து, “ஆபீஸ்ல மீட்டிங்மா, அப்படியே அந்தப் பீன்ஸை மட்டும் நறுக்கிக் குடுத்துடு.” அப்புறம் பால்கனிச் செடிக்குத் தண்ணீர். அப்புறம் திருநெல்வேலியிலிருந்து பத்து நாளைக்கு வந்த மாமனார் மாமியார் இரண்டு மாதம் இருக்கிறார்கள். இரண்டு வேளை டிபன் தட்டும் காபி டம்ளரும் கூடுகின்றன. ஒவ்வொன்றும் பத்து நிமிட வேலை. எந்தப் பத்து நிமிடமும் சண்டை போடும் அளவுக்குப் பெரியதல்ல. சிக்கலே அதுதான்.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். தினம் ஒன்றரை மணி, மாதம் 26 நாள் என்றால் 39 மணி நேரம். 3,000 ரூபாயை அதில் வகுத்தால் மணிக்குச் சுமார் 77 ரூபாய். வேலை இரண்டேகால் மணி நேரமாக நீண்டதும் மாதம் 58 மணி நேரத்துக்கு மேல் போகிறது. மணிக்கு 51 ரூபாய்தான். அதாவது யாரும் வாய் திறக்காமல், யாரும் கெட்ட எண்ணம் வைக்காமல், அவர் கூலியில் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. வீட்டுக்காரம்மாவுக்கோ தாம் கொடுப்பது அதே 3,000 தான் என்று மனநிறைவு.

2018-ல் தமிழக அரசு வீட்டு வேலைக்குக் குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்தபோது மணிக்கு 37 ரூபாயிலிருந்து 39 ரூபாய் வரை என்று வைத்தது. அந்தக் கணக்கில் 51 ரூபாய் சட்டத்துக்கு உட்பட்டதுதான். ஆனாலும் தீபாவளிக்குப் பிறகு அவர் வரமாட்டார்.

பணத்தைவிட நேரம் பெரிய தலைவலி. நாம் நம் வீட்டை ஒரே வீடாகப் பார்க்கிறோம். அவருக்கு அது நான்கில் ஒன்று. ஆறரைக்கு ஒரு வீடு, எட்டுக்கு ஒன்று, பத்துக்கு ஒன்று, பதினொன்றரைக்கு ஒன்று. முதல் வீட்டில் “அப்படியே” என்று கூடிய இருபது நிமிடத்துக்கு மூன்றாவது வீட்டில் திட்டு விழும். “தினமும் லேட்டா வர்றே” என்று கத்துகிற அந்த மூன்றாவது வீட்டம்மாவுக்கு, முதல் வீட்டு பீன்ஸ்தான் காரணம் என்று தெரிய வழியில்லை.

அவர் எங்கிருந்து வருகிறார் என்பதும் இதில் இருக்கிறது. மயிலாப்பூர், மந்தைவெளி, சாந்தோம் பக்கம் கால்வாய்க் கரையிலும் ஆற்றங்கரையிலும் குடியிருந்த குடும்பங்கள், வேலை செய்யும் வீட்டுக்கு நடந்தே போய் வந்தன. 2000-ஆம் ஆண்டு வாக்கிலிருந்து கண்ணகி நகர், பிறகு செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று நகரத்தின் தெற்கு ஓரத்துக்கு ஆயிரக்கணக்கான குடும்பங்கள் மாற்றப்பட்டன. வீடு போன தூரத்துக்கு வேலை போகவில்லை. பல பெண்கள் இன்றும் விடியற்காலை பஸ் பிடித்து இருபது கிலோமீட்டருக்கு மேல் பழைய தெருவுக்கே வருகிறார்கள். 2021 மே மாதம் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்றானபோது, மாதச் சம்பளத்தில் பஸ்ஸுக்குப் போன பங்கு மிச்சமானது. ஆனால் அந்த ஒரு பஸ் தவறினால் அடுத்த பஸ் வரை நிற்கத்தான் வேண்டும். ‘சரியாக ஏழு மணிக்கு’ என்று நிபந்தனை போடுமுன் “எந்த பஸ்ல வர்றீங்க?” என்று ஒரு கேள்வி கேட்டால், ஏழேகால் என்பதே நடக்கக்கூடிய நேரம் என்று தெரிந்துவிடும். நடக்கக்கூடிய ஏழேகாலை ஏற்றுக்கொண்டால், நடக்காத ஏழுக்காக ஒரு வருடம் முறைத்துக்கொண்டிருக்க வேண்டாம்.

நேரம் தவறுவது வீட்டுக்காரர்களிடமும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை எட்டரை வரை கதவு திறக்காத வீடுகளை வேலைக்கு வருபவர்கள் நன்றாக அறிவார்கள். பெல் அடித்தால் “தூக்கத்தைக் கெடுக்கறே”, அடிக்காமல் போனால் “சொல்லாம லீவு.” மோட்டார் போடாததால் குழாயில் தண்ணீர் வராத சிங்க், ராத்திரி ஊறவைக்காமல் காய்ந்துபோன சாம்பார்ச் சட்டி, சோபா முழுக்க மடிக்காத துணி. இவற்றுக்குப் போகும் நேரமும் அந்த ஒன்றரை மணியில்தான் சேர்கிறது.

வாசலில் நின்று ஐந்து நிமிடம்

ஒரு ஃபிரிட்ஜ் வாங்கப் போனால் நான்கு கடை ஏறி இறங்குகிறோம். வீட்டுச் சாவியையே கொடுக்கப்போகும் ஆளிடம் வாசல்படியில் நின்றபடி ஐந்து நிமிடம் பேசுகிறோம். அதில் நாலரை நிமிடம் சம்பள பேரம்.

அந்த ஐந்து நிமிடத்தில் நம்மைவிடக் கூர்மையாகக் கேள்வி கேட்பவர் அவர்தான். வீட்ல எத்தனை பேரு? சின்னக் குழந்தை இருக்கா? எத்தனை ரூம்? தண்ணி எப்படி, மெட்ரோவா, போரா? நாய் இருக்கா? கறி மீன் தினமும் உண்டா? இதற்கு முன்னால யாரு இருந்தாங்க? கடைசிக் கேள்வியில் இருக்கும் எச்சரிக்கையைக் கவனிக்க வேண்டும். முந்தைய ஆளைப் பற்றி நாம் எப்படிப் பேசுகிறோம் என்பதை வைத்தே நம் வீட்டை எடை போட்டுவிடுவார்.

நம் பங்குக்குச் சொல்ல வேண்டியவற்றை நாம் சொல்வதில்லை. ‘பாத்திரம்’ என்றால் எத்தனை வேளைப் பாத்திரம்? அடுப்பு மேடை துடைப்பதும் குப்பைக் கவரைக் கீழே கொண்டுபோய்ப் போடுவதும் அதில் சேர்ந்ததா? ஃபேன் துடைப்பது, ஒட்டடை அடிப்பது, ஜன்னல் கம்பி துடைப்பது எல்லாம் மாதம் ஒரு தடவையா, பொங்கலுக்கு மட்டுமா? அதற்குத் தனிக் காசு உண்டா? பாத்ரூம் கழுவுவது எப்போதுமே தனிப் பேச்சு. சிலர் அதைச் செய்ய மாட்டார்கள். செய்பவர்கள் தனிச் சம்பளம் கேட்பார்கள். அதை மூன்றாம் மாதம் “அப்படியே” பட்டியலில் சேர்ப்பதைப்போல ஓர் ஆளை விரட்டுவதற்கு வேறு வழி வேண்டாம்.

மார்கழி வேறு இருக்கிறது. விடியற்காலை வாசல் தெளித்துக் கோலம் போட ஆள் வேண்டும் என்றால் அது ஒரு மாதத்துக்கு வேறு நேரம், வேறு வேலை. நவராத்திரிக்குக் கொலு வைக்கும் வீட்டில் ஒன்பது நாளும் சுண்டல் பாத்திரம் இரட்டிப்பாகும். விருந்தாளி வருவது குடும்பம் என்றால் நடக்கக்கூடியதுதான். “ஒரு வாரத்துக்கு மேல யாராவது தங்கினா நாளுக்கு இவ்வளவு சேர்த்துத் தர்றேன்” என்று வேலைக்குச் சேரும்போதே சொல்லிவிட்டால், ஊரிலிருந்து மாமியார் வரும்போது அவர் முகம் சுருங்காது. உங்கள் முகம் சுருங்கினால் அது வேறு விஷயம்.

இதெல்லாம் பணக்கார நாட்டு வழக்கம், நமக்கு ஒத்துவராது என்று சிலர் சொல்வார்கள். ஹாங்காங்கில் வெளிநாட்டிலிருந்து வரும் வீட்டுப் பணியாளருக்கு அரசே அச்சடித்த ஒப்பந்தப் படிவம் உண்டு. அதோடு ஓர் இணைப்பும் இருக்கிறது. வீடு எத்தனை சதுர அடி, பெரியவர்கள் எத்தனை பேர், ஐந்து வயதுக்குக் கீழே எத்தனை குழந்தைகள், பிறக்கப்போகிற குழந்தை உண்டா, எப்போதும் கூட இருந்து கவனிக்க வேண்டியவர் உண்டா என்று அது கேட்கிறது. வேலைக்கு எடுப்பவர் அதை நிரப்ப, இரண்டு பேரும் கையெழுத்திட வேண்டும். உயரமான கட்டடங்களில் வெளிப்பக்க ஜன்னல் துடைக்கப்போய் பணிப்பெண்கள் விழுந்து இறந்த பிறகு, பூட்டிய கிரில் இல்லாத ஜன்னலின் வெளிப்பக்கத்தைத் துடைக்கச் சொல்லக்கூடாது என்ற விதியும் 2017 முதல் அதில் சேர்ந்தது. நம் ஊர்ப் பெண்கள் வாசல்படியில் நின்று கேட்கும் கேள்விகளும் ஏறக்குறைய அவையேதான். அங்கே அச்சடித்திருக்கிறார்கள், இங்கே அச்சடிக்கவில்லை.

சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2011 ஜூன் 16 அன்று வீட்டுப் பணியாளர்களுக்காக நிறைவேற்றிய 189-ஆவது உடன்படிக்கையும் இதைத்தான் கேட்கிறது. என்ன வேலை, எவ்வளவு சம்பளம், எப்போது தருவது, எத்தனை மணி நேரம், என்ன விடுப்பு, எப்படி விலகுவது என்பதெல்லாம் பணியாளருக்குப் புரியும்படி, முடிந்தால் எழுத்தில், தெரிவிக்கப்பட வேண்டும். அதற்கு ஆதரவாக வாக்களித்த இந்தியா இன்றுவரை அதை ஏற்று உறுதி செய்யவில்லை.

எழுத்து என்றதும் முத்திரைத்தாளும் வக்கீலும் வேண்டும் என்று மிரள வேண்டாம். பால்காரருக்கு அட்டை வைத்த ஊர் இது. ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். முதல் பக்கத்தில் வேலை, நேரம், சம்பளம், சம்பளத் தேதி, லீவு, போனஸ். படிக்கத் தெரியாதவர் என்றால் படித்துக் காட்டலாம். அவர் மகள் பெரும்பாலும் பிளஸ் டூ படித்துக்கொண்டிருப்பாள், வீட்டில் வாசித்துக்கொள்வார்கள். வாட்ஸ்அப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பிவைத்தாலும் சரிதான், அதுவும் பதிவுதான்.

போன் ஏன் அணைந்திருக்கிறது?

சொல்லாமல் லீவு எடுப்பதுதான் வீட்டுக்காரர்களின் தலையாய புகார். நியாயமான புகார். காலை எட்டு மணிக்குக் குவிந்து கிடக்கும் சிங்க்கைப் பார்த்துக்கொண்டு, ‘ஸ்விட்ச்டு ஆஃப்’ என்று கேட்பதைப்போல எரிச்சல் வேறில்லை.

ஆனால் அந்தப் பக்கத்துக் கணக்கைப் பாருங்கள். முதல் நாளே “நாளைக்கு வரமாட்டேன்கா” என்று சொன்னால் என்ன கிடைக்கும்? ஏன், எதற்கு, போன வாரம்தானே எடுத்தே, இப்ப போய்ச் சொல்றியே என்று பத்து நிமிட விசாரணை. அதற்கு மேல் சம்பளத்தில் பிடித்தம். சொல்லாமல் இருந்துவிட்டு மறுநாள் வந்தால் அதே திட்டு, அதே பிடித்தம். ஆனால் லீவு மட்டும் நிச்சயம். சொன்னாலும் சொல்லாவிட்டாலும் தண்டனை ஒன்றுதான் என்றால் எவரும் போனை அணைத்துத்தான் வைப்பார்.

இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்ட வீடுகளில் புகார் குறைகிறது. மாதம் இத்தனை நாள் லீவு உண்டு, முந்தின நாள் ராத்திரிக்குள் சொன்னால் பிடித்தம் இல்லை, ஏன் என்ற கேள்வியும் இல்லை. சொல்லாமல் நின்றால் அந்த நாள் கூலி கிடையாது. இரண்டே வாக்கியம். எடுக்காத லீவுக்கு மாதக் கடைசியில் காசு என்று மூன்றாவது ஒன்றையும் சிலர் சேர்க்கிறார்கள். அது எனக்கு அரைமனம்தான். அசதியில் இருப்பவரைக் காசு காட்டி வரவழைப்பதாக அது மாறிவிடலாம். சிங்கப்பூரில் அதுதான் நடந்தது. 2013 முதல் அங்கே பணிப்பெண்களுக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு என்று விதி வந்தது; சம்பளம் கொடுத்து ஓய்வு நாளை ஈடுகட்டிக்கொள்ளலாம் என்று வழியும் இருந்தது. பலருக்கு ஓய்வு காசாகவே போனதால், மாதத்தில் ஒரு நாளையாவது காசுக்கு மாற்றவே கூடாது என்று 2023 ஜனவரி முதல் திருத்தினார்கள்.

சாவுக்கும் காய்ச்சலுக்கும் முன்னறிவிப்பு இல்லை. ஆனால் ஆடி மாதம் அவர்கள் தெரு மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதும், மாசியில் குலதெய்வம் கும்பிட ஊருக்குப் போவதும், ஜூனில் பள்ளி திறக்கும் நாளும் காலண்டரிலேயே இருக்கின்றன. நாம் டூர் போகும் தேதியும் இருக்கிறது. நாம் பத்து நாள் குலு மணாலி போனால் அந்தப் பத்து நாள் சம்பளம் யார் கணக்கு? “நீதான் வேலையே செய்யலியே” என்று பிடிக்கிற வீடுகள் உண்டு. அவர் வரத் தயாராக இருந்தார், வீடுதான் பூட்டியிருந்தது. முழுச் சம்பளம் தர வேண்டும் என்பதில் பேச்சுக்கே இடமில்லை. அந்த நேரத்துக்கு வேறு வீடு பிடிக்காமல் நமக்காகக் காலியாக வைத்திருக்கிறார் அல்லவா?

தாய் வராத நாளில் மகளை அனுப்புவது இன்னும் ஓயவில்லை. “பாப்பா வந்து பண்ணிடுவா” என்றால் வேண்டாம் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். பதினான்கு வயதுக்கு உட்பட்டவர்களை வீட்டு வேலைக்கு வைப்பது 2006 அக்டோபர் 10 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டிருக்கிறது. ஒரு நாள் உதவிதானே என்று சமாதானம் சொல்லிக்கொள்வது எளிது. அந்தப் பெண் அன்றைக்குப் பள்ளிக்கூடம் போகவில்லை என்பதை மறப்பதும் எளிது.

தேதி, அட்வான்ஸ், போனஸ்

சம்பளத் தேதி ஒன்றாம் தேதி என்றால் ஒன்றாம் தேதி. “ஏடிஎம் போகலை, நாளைக்கு” என்பது நமக்குச் சாதாரண வாக்கியம். அவருக்கு அன்று குழுக் கடன் தவணை வசூலிக்க வருவார்கள். தவறினால் தெருவில் பத்து பெண்கள் முன்னால் மானம் போகும். ஜிபே வந்த பிறகு இந்தச் சாக்கும் செல்லாது.

அட்வான்ஸ் கேட்பது பற்றிப் பல வீடுகளில் ஒரு கசப்பு இருக்கிறது. கேட்பவருக்கு மாற்று என்ன என்று பார்த்தால் புரியும்: தெருவில் வட்டிக்கு விடுபவர், நூற்றுக்குப் பத்து. நகைக்கடன் என்றால் கழுத்தில் ஏதாவது இருக்க வேண்டும். அதனால் நம்மிடம் கேட்கிறார். கொடுக்க முடிந்தால் கொடுக்கலாம், முடியாவிட்டால் முடியாது என்றும் சொல்லலாம், இரண்டிலும் தப்பில்லை. கொடுத்தால் மாதம் எவ்வளவு பிடிப்பது என்று அப்போதே நோட்டில் எழுதி, ஒவ்வொரு மாதமும் கழித்துக் காட்ட வேண்டும். எழுதாத கடன்தான் பின்னால் “ஐயாயிரம் பாக்கி வச்சிட்டு ஓடிட்டா” என்றும், “ரெண்டாயிரம்தான் பாக்கி, அதுக்கு இவ்ளோ பேச்சா” என்றும் இரண்டு கதையாகிறது. வேலையை விட்டுப் போக முடியாதபடி வேண்டுமென்றே பெரிய தொகையைக் கொடுத்துக் கட்டிவைக்கிற சாமர்த்தியமும் சில வீடுகளில் உண்டு. கொத்தடிமைத்தனமும் இப்படி ஒரு முன்பணத்தில்தான் ஆரம்பித்தது. 1976-ல் சட்டம் போட்டு ஒழித்ததை டைல்ஸ் போட்ட சமையலறைக்குள் மறுபடி கொண்டுவர வேண்டாம்.

போனஸ் ஒரு மாதச் சம்பளமா, பாதியா, புடவை அதில் சேர்ந்ததா, தனியா? ஆவணியில் சேர்ந்தவருக்கு எவ்வளவு? இதைப் புரட்டாசியிலேயே சொல்லிவிட்டால் ஐப்பசியில் முகம் பார்த்து ஊகிக்க வேண்டியதில்லை. வருட உயர்வுக்கும் ஒரு மாதம் குறித்துவிடலாம், ஜனவரி அல்லது சித்திரை. வீட்டு வாடகை பதினோரு மாதத்துக்கு ஒரு தடவை ஏறுவதை ஒப்பந்தத்தில் எழுதி ஏற்றுக்கொள்கிறோம். இவர் மட்டும் ஒவ்வொரு முறையும் தயங்கித் தயங்கி, முந்தானையைத் திருகிக்கொண்டு கேட்க வேண்டியிருக்கிறது.

இரண்டு முதலாளிகள்

சம்பளம் பேசியவர் மருமகள். பகல் முழுக்க வீட்டில் இருப்பவர் மாமியார். “ஈரத்துணி வேணாம், மாப் போடு” என்கிறார் ஒருவர். “மாப்ல அழுக்குப் போகாது, உக்கார்ந்து துடை” என்கிறார் இன்னொருவர். யார் சொல்வதைக் கேட்டாலும் மற்றவருக்குக் கோபம். அந்த வீட்டின் உள்நாட்டு அரசியலுக்கு நடுவில் மாட்டிக்கொள்பவர் முதலில் நடுநிலை வகிப்பார், பிறகு நின்றுவிடுவார். வீட்டில் யார் சொல்வது இறுதி என்பதை அவர் முன்னால் சொல்லிவிடுவது நல்லது. சொல்வதற்கு முன்னால் அதை வீட்டுக்குள் முடிவு செய்ய வேண்டும் என்பதுதான் கஷ்டம்.

இதைவிடச் சிக்கலானது, பிள்ளைகள் நியூஜெர்சியிலோ சிட்னியிலோ இருக்க, பெற்றோர் மட்டும் இங்கே இருக்கும் வீடு. சென்னையில் தெருவுக்கு நாலு வீடு இப்படி இருக்கிறது. வீடியோ காலில் மகன் சம்பளம் பேசுகிறார். “அப்பா அம்மாவைக் கொஞ்சம் பார்த்துக்கோங்க” என்கிறார். அந்த ‘கொஞ்சம்’ எதுவரை? மாத்திரை எடுத்துக் கொடுப்பதா, குளிக்கக் கைகொடுப்பதா, டயாப்பர் மாற்றுவதா, ராத்திரி தங்குவதா? பாத்திரம் தேய்க்க வந்தவர் ஆறு மாதத்தில் ஹோம் நர்ஸ் ஆகிவிடுகிறார்; சம்பளம் மட்டும் பாத்திரத்துக்குப் பேசியதாகவே நிற்கிறது. ஏஜென்சி மூலம் வரும் ஆளுக்கு என்ன கேட்கிறார்கள் என்று ஒரு போன் போட்டு விசாரித்தால் போதும், அந்த ‘கொஞ்ச’த்தின் விலை தெரிந்துவிடும்.

முதியவர் கீழே விழுந்தால் யாரைக் கூப்பிட வேண்டும், ஆம்புலன்ஸா, பக்கத்து வீட்டா? ‘கூடவே இருக்கியே, உனக்குத் தெரியாதா’ என்று பின்னால் குற்றம் சாட்டுவதைவிட, முதல் வாரமே எண்களை எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டலாம். சாவியும் பீரோவும் அப்படியே. கேமரா வைத்திருந்தால் வைத்திருக்கிறோம், இந்த இடத்தில் என்று சொல்லிவிட வேண்டும். மூன்று மாதம் கழித்து அவராகவே அதைக் கண்டுபிடித்தால், அதன் பிறகு அந்த வீட்டில் எந்த அன்பான வார்த்தையும் எடுபடாது.

எந்த பாத்ரூமைப் பயன்படுத்துவது என்பதும் முதல் நாள் சொல்ல வேண்டியதே. நான்கு வீட்டில் கழுவித் துடைத்துவிட்டு, மதியம் இரண்டு மணி வரை எங்கேயும் ஒதுங்க இடமில்லாமல் தண்ணீரே குடிக்காமல் இருக்கும் பெண்கள் இந்த நகரத்தில் இருக்கிறார்கள். சிறுநீர்த் தொற்று வந்து அவர்கள் லீவு போடும்போது “அடிக்கடி உடம்பு சரியில்லைங்கறா” என்கிறோம். தனி டம்ளர், பயன்படுத்தக்கூடாத லிஃப்ட், கேட்டில் பையைத் திறந்து காட்டும் சோதனை. இவற்றை எந்த நோட்டில் எழுதினாலும் ஓர் ஆள் அதிக நாள் தங்கமாட்டார், தங்கவும் கூடாது.

சில அடுக்ககச் செயலிகளில் வேலைக்கு வருபவருக்கு நட்சத்திர மதிப்பெண் போடும் வசதி இருக்கிறது. அவர் நமக்குப் போட அதில் இடமில்லை. ஆனால் பஸ் ஸ்டாப்பில் இருக்கிறது. “அந்த மூணாவது மாடியா? அங்க யாரும் நிக்க மாட்டாங்கடி.” அந்த மதிப்பெண் விழுந்த வீட்டுக்கு எத்தனை ஏஜென்சிக்குக் கமிஷன் கட்டினாலும் ஆள் வருவது குதிரைக்கொம்பு.

சட்டம் எங்கே நிற்கிறது?

சுருக்கமாகச் சொன்னால், வாசலுக்கு வெளியே. தமிழ்நாட்டில் 2007-ல் வீட்டுப் பணியாளர்களுக்கென நல வாரியம் வந்தது. பதிவு செய்தவர்களுக்குப் பிள்ளைகளின் படிப்புக்கு, திருமணத்துக்கு, பிரசவத்துக்கு உதவி, அறுபதுக்குப் பிறகு ஓய்வூதியம் எல்லாம் உண்டு. பதிவு செய்யாதவர்கள் ஏராளம். ஆதாரும் பாஸ்புக்கும் எடுத்துக்கொண்டு ஆன்லைனில் உட்கார அவருக்கு நேரமோ பழக்கமோ இல்லை. நம் லேப்டாப்பில் ஒரு மாலை போதும். 2013-ஆம் ஆண்டின் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் வீட்டையும் பணியிடம் என்றே சொல்கிறது. புகார் செய்ய மாவட்டந்தோறும் உள்ளூர்ப் புகார்க் குழு உண்டு. தனிச் சட்டம்தான் இல்லை. அதற்கான வழியை ஆராயக் குழு அமைக்கும்படி 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது.

அதுவரைக்கும் நோட்டின் முதல் பக்கம்தான் சட்டம். அதில் பெரும்பாலான வீடுகள் மறப்பது கடைசி வரியை: எப்படிப் பிரிவது? அவர் நிற்பதானால் ஒரு மாதம் முன்பு சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். நாம் வீடு மாறும்போது பேக்கர்ஸுக்கு மூன்று வாரம் முன்பே தேதி சொல்கிறோம், கேஸ் ஏஜென்சிக்கு, பேப்பர்காரருக்கு, கேபிள்காரருக்கு எல்லாம் தகவல் போகிறது. பாத்திரம் தேய்ப்பவருக்கு ஹாலில் அடுக்கிய அட்டைப் பெட்டிகளைப் பார்த்துத்தான் தெரிகிறது. ஒரு மாதம் முன்னால் சொன்னால் அந்த நேரத்துக்கு அவர் வேறு வீடு பார்த்துக்கொள்வார். சொல்ல முடியாமல் போனால் ஒரு மாதச் சம்பளத்தைக் கையில் கொடுத்துவிடலாம். அதே வீட்டுக்குக் குடிவரும் புதியவர்களிடம் அவர் பெயரைச் சொல்லிவிட்டும் போகலாம், எத்தனை மணி நேர வேலை, எவ்வளவு சம்பளம், மாதம் எத்தனை லீவு என்பதையும் சேர்த்து.